மாட்டுங்கா பிறந்த வரலாறும் நம் கடமையும்

ஆண்டு விழா மலர்களில் சங்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும் எழுதப்பெறுவது வழக்கம். எந்த ஆண்டில் தொடங்கினோம், எத்தனை உறுப்பினர் சேர்ந்தனர், எந்தெந்த அறிஞர் வந்து உரையாற்றினர் என்பனவற்றை ஆண்டுதோறும் படித்து மகிழ்கிறோம். அது தக்கதே. ஆயினும், சங்கம் தோன்றுவதற்கு முன்பே இருந்தது நாம் குடியிருக்கும் இந்த மண். மாட்டுங்காவின் அகன்ற தெருக்களும், அவற்றின் இருபுறமும் நிழல் தரும் மரங்களும், மாலைதோறும் நம் பிள்ளைகள் ஓடி விளையாடும் ஐந்து தோட்டங்களும் எவ்வாறு உண்டாயின என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். இவை ஒரு கொள்ளை நோயின் விளைவாகப் பிறந்தவை. அவ்வரலாற்றை அறிவோமாயின், ஒரே நகரில் ஒரு தெருவார் நலமாக வாழ, மற்றொரு தெருவார் நோயில் வாடுவது ஏன் என்பது விளங்கும். அவ்வேற்றுமையைக் குறைப்பதில் நமக்கு உரிய பங்கு யாது என்பதும் விளங்கும்.

வள்ளுவப் பெருந்தகையார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்புகள் உடையதாகக் கூறினார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பனவே அந்நான்கு. மருத்துவரையும் மருந்தையும் பொருளால் பெறலாம், அரசாணையாலும் அனுப்பலாம். அருகிருந்து பேணுபவரை அவ்வாறு பெறுதல் அரிது. கடந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்நகர வரலாற்றை நோக்குங்கால், நான்காம் உறுப்பு இல்லாத இடத்தில் ஏனைய மூன்றும் தடுமாறியதையும், அது வாய்த்த இடத்தில் எளிய மருந்தும் பெரும்பயன் தந்ததையும் காண்கிறோம்.

1896: மாண்டவியில் தொடங்கிய பிளேக்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் மக்கள் காய்ச்சல் கண்டு, அரையிலும் அக்குளிலும் நெறி கட்டிச் சில நாட்களில் இறக்கலாயினர். மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம், எலிகளுக்குக் குறைவில்லை. கோவாவைச் சேர்ந்த மருத்துவரும் நகராட்சி உறுப்பினருமாகிய அகாசியோ வியேகாஸ் என்பார் இது பிளேக் நோயே என்று முதன்முதல் அறிவித்தார். முதலில் பலர் அதனை ஏற்கவில்லை. பின்னர் நடந்த ஆய்வு அவர் கூற்றை மெய்ப்பித்தது.

1891-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாளில் நகரின் மக்கள்தொகை 8,21,764. பஞ்சாலைகளை நம்பி வந்த தொழிலாளர் 'சால்' என்னும் வரிசை வீடுகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமும் அதற்கு மேலுமாக நெருங்கி வாழ்ந்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத அவ்வறைகளில் நோய் விரைந்து பரவியது. சில திங்களுக்குள் ஏறக்குறைய நகரின் பாதி மக்கள் ஊரைவிட்டு ஓடினர். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொகை 7,76,006 ஆகக் குறைந்து காணப்பட்டது. பம்பாயிலிருந்து பரவிய அந்நோய், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்திய நாடு முழுவதிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது.

நோய் எல்லாரையும் ஒன்றாகத் தாக்கவில்லை என்பதை நாம் கருதவேண்டும். மலபார்க் குன்றின் மாளிகைகளில் இருந்தவர்க்கு விலகியிருக்க இடம் இருந்தது. கிடங்குக்கு அருகே உறங்கிய சுமை கூலிக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் அவ்விடம் இல்லை. எனினும் அந்நாளைய அதிகாரிகளுள் பலர், அழுக்கான மக்களாலேயே நோய் வந்தது என்று எண்ணினர். வறுமையை நோயின் களமாகக் காண்பது வேறு. வறியவரையே நோயாகக் காண்பது வேறு. இரண்டாவது எண்ணமே அன்று மேலோங்கியது.

வன்முறையும் நம்பிக்கையும்

1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன் துணையால் அலுவலரும் படைவீரரும் வீடுகளுள் நுழைந்தனர். நோயாளிகளை வலிந்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர், உடைமைகளை எரித்தனர், சுவர்களை மருந்துநீரால் கழுவினர். எலியுண்ணியால் இந்நோய் பரவுகிறது என்பதை பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் கராச்சியில் கண்டது 1898-இல்தான். அதனை உலகம் ஏற்கப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே, அதிகாரிகள் சுவரைக் கழுவிக்கொண்டிருக்க, எலிகள் அடுத்த வீட்டுக்கு நோயைச் சுமந்து சென்றன.

மக்கள் அஞ்சினர். மருத்துவமனைக்குச் சென்றவர் மீளார் என்ற பேச்சு பரவியது. 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரவர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். நோயாளிகளை வீட்டார் மறைத்து வைத்தனர். மறைக்கவே நோய் மேலும் பரவியது. புனாவில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்டு என்பவர், சோதனை என்னும் பெயரால் நிகழ்ந்த கொடுமைகளால் வெறுப்புற்ற சாபேகர் உடன்பிறந்தாரால் 1897 ஜூன் 22-ஆம் நாள் சுடப்பெற்றது நாடறிந்த செய்தி.

இதே காலத்தில் வேறு வகையான முயற்சிகளும் நிகழ்ந்தன. கல்கத்தாவிலிருந்து அழைக்கப்பெற்ற ஹாஃப்கின் என்னும் அறிஞர், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு ஆய்வறையில் உழைத்து, சில திங்களில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். இளைஞராயிருந்த மூன்றாம் ஆகாகான், தம் சமூகத்தார் அஞ்சாதிருக்கும் பொருட்டு எல்லாரும் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஆணைக்கு அஞ்சி ஒளிந்த மக்கள், தம்மவர் ஒருவர் முன்வந்தது கண்டு துணிவு பெற்றனர். பல்வேறு சமூகத்தாரும் தத்தமக்கெனத் தனி மருத்துவமனைகளை நிறுவ இசைவு அளிக்கப்பெற்றதும், முன்பு வர மறுத்தவரும் வந்தனர். தம் மொழி பேசுவோரும், தம் பழக்கம் அறிந்தோரும் அருகிருந்தமையே அதற்குக் காரணம்.

புனாவை அடுத்த ஹடப்சர்ப் பகுதியில் சாவித்திரிபாய் புலே அம்மையாரும், அவர் தம் வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் பிளேக் நோயாளர்க்கென ஒரு மருத்துவ நிலையம் நடத்தினர். பெண்கல்விக்கும் தாழ்த்தப்பட்டோர் உயர்வுக்கும் வாழ்நாளை ஈந்த அவ்வம்மையார், எவரும் தொட அஞ்சிய நோயாளரைத் தாமே கொண்டுவந்து சேர்த்தார். அப்பணியிலேயே நோய் தொற்றி 1897 மார்ச் 10-ஆம் நாள் உயிர் நீத்தார். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்புக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

மாட்டுங்காவும் தாராவியும்

பிளேக் நோய் தந்த அச்சத்தாலேயே 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு என்னும் அமைப்பு ஏற்பட்டது. நெரிசல் மிக்க பகுதிகளை இடிப்பது, கடற்காற்று நகருள் புகுமாறு அகன்ற சாலைகள் அமைப்பது, வடக்கே புதிய குடியிருப்புகளை உண்டாக்குவது என்பன அதன் நோக்கங்கள். பிரின்சஸ் தெருவும் சாண்டர்ஸ்டு சாலையும் அவ்வாறு வந்தவை. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை வாங்கித் தெருவும் மனையும் பிரித்ததும் அந்த டிரஸ்டே. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வெளி, காற்று வரச் சாளரம், நடுவே தோட்டம் என எல்லாம் நோயை மனத்திற்கொண்டு வகுக்கப்பெற்றன. 1920-களிலும் 1930-களிலும் இங்கு மாடி வீடுகள் எழுந்தபோது, இரயில்வேயிலும் வாணிக நிலையங்களிலும் எழுத்தராகப் பணிபுரிய வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மிகுதியாகக் குடியேறின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பெற்றதும் அக்காலத்தேதான்.

ஆனால் இடிக்கப்பெற்ற வீடுகளில் இருந்த ஏழைகள் எங்குச் சென்றனர்? டிரஸ்டு இடித்த அறைகளோ பல. அவர்கள் கொடுக்கக்கூடிய வாடகைக்குக் கட்டித் தந்தவையோ சில. வெளியேற்றப்பெற்றோர் அடுத்த தெருவின் நெரிசலில் புகுந்து அதனை மேலும் நெருக்கினர். நோயைக் குறைக்க எழுந்த திட்டத்தின் நற்பயன், நோயால் மிகவும் துன்புற்றவரை எட்டவில்லை. மாதச் சம்பளக்காரர் மாட்டுங்கா பெற்றனர். கூலிக்காரர் பழைய சாலிலேயே தங்கினர்.

நமக்கு மேற்கே, இரயில் பாதைக்கு அப்பால் தாராவி உள்ளது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய அம்மீனவர் ஊருக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தோல் பதனிடும் தொழில் வந்தது. அருகே பாந்திராவில் இறைச்சிக்கூடம் இருந்ததும், நாற்றம் மிக்க தொழில்களை நகரார் எல்லைக்கு ஒதுக்கியதும் காரணங்கள். அத்தொழிலுக்கெனத் தமிழ்நாட்டின் திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து நம் மக்கள் பெருந்தொகையாக வந்தனர். ஆகவே ஒரே மொழி பேசுவோர், ஒரே தாய்நாட்டிலிருந்து ஒரே இரயிலில் வந்தோர், பாதையின் இருபுறமும் இருவகை வாழ்வு பெற்றனர். ஒருபுறம் வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும். மறுபுறம் பல குடும்பங்களுக்கு ஒரு குழாய், வரிசையில் நிற்கவேண்டிய பொதுக் கழிப்பிடம். இவ்வேற்றுமையை ஊழ்வினை என்று கூறிவிட இயலாது. வீடும் நீரும் சாலையும் யாருக்கு முதலில் என்று மனிதர் எடுத்த முடிவின் விளைவே அது. மனிதர் செய்ததை மனிதர் மாற்றவும் கூடும்.

ஜாம்கேடு காட்டிய வழி

அவ்வாறு மாற்றிக் காட்டிய இடம் ஒன்று நம் மராட்டிய மாநிலத்திலேயே உள்ளது. அகமதுநகர் மாவட்டம் (2024 முதல் அகில்யாநகர்), வறட்சி மிக்க ஜாம்கேடு வட்டம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்னும் மருத்துவத் தம்பதியர் 1970-இல் அங்குச் சென்றனர். தமிழ் மண்ணில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென நிறுவிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது அக்கல்லூரி. சாலையோர மருத்துவம் செய்து ஊர் ஊராகச் சென்றவர் அவ்வம்மையார்.

ஆரோளே தம்பதியர் முதலில் பயிற்சி பெற்ற செவிலியரை ஊர்களுக்கு அனுப்பினர். அம்முயற்சி பயன் தரவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்கள் தனியே தங்க அஞ்சினர். ஊராரும் அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை. பின்னர், ஊரார் தம்முள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது என்னும் முறை ஏற்பட்டது. அவ்வாறு வந்தவருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். பலர் தாழ்த்தப்பட்ட குலத்தினர். வாரந்தோறும் ஜாம்கேடு வந்து கற்றனர். கருவுற்ற தாயைப் பார்ப்பது, தூய்மையாக மகப்பேறு செய்விப்பது, வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது, தொழுநோயையும் காசநோயையும் தொடக்கத்திலேயே கண்டறிவது ஆகியவற்றில் தேர்ந்து, தம் தெருவிலேயே பணி புரிந்தனர்.

குடிநீர்க் கிணறு தோண்டியபோது, குழாயை ஊரின் தாழ்த்தப்பட்டோர் தெருவிலேயே அமைத்தனர். தண்ணீர் வேண்டுமாயின் எல்லாக் குலத்தாரும் அங்கு வந்தேயாக வேண்டும். தீண்டாமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றாமலே அதன் வேர் அசைக்கப்பெற்றது. 1971-இல் அவ்வூர்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன. 1990-களில் அத்தொகை முப்பதுக்கும் கீழ் இறங்கியது. 1979-இல் அத்தம்பதியர்க்கு மகசாசே விருது அளிக்கப்பெற்றது. 2005-இல் மைய அரசு நாடெங்கும் தொடங்கிய 'ஆஷா' பணியாளர் திட்டத்திற்கு இத்தகைய முன்முயற்சிகளே வழிகாட்டின.

சென்னை தந்த சான்று

இனி, தமிழகம் உலகுக்குத் தந்த ஒரு சான்றையும் கூறவேண்டும். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதுவரை காசநோயாளரைத் தனி விடுதியில் பல திங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதே மருத்துவ உலகின் கொள்கை. அவ்வளவு படுக்கைக்கு நம் நாடு எங்குப் போகும்? வறிய நோயாளர் 193 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை விடுதியிலும், மற்றவரைத் தம் நெருக்கமான வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். விடுதியில் நல்ல உணவும் ஓய்வும் இருந்தன; வீட்டிலோ இரண்டும் குறைவு. எனினும் 1959-இல் வெளியான முடிவின்படி இரு பகுதியினரும் குணமடைந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. வீடு தேடிச் சென்று, மருந்தைத் தவறாது உண்கிறார்களா என்று கவனித்த ஊழியரின் பங்கை இங்கு மறத்தலாகாது.

அந்நிலையமே இன்று காசநோய்க்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம். அது பங்குகொண்டு ஜார்க்கண்டு மாநிலத்தில் நடத்தப்பெற்ற மற்றோர் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. காசநோயாளர் வீட்டில் இருந்தோர்க்கு அரிசியும் பருப்புமாக உணவுப் பொருள் அளித்துவந்த இடங்களில், புதிதாக நோய் கண்டோர் தொகை 39 விழுக்காடு குறைந்தது. வயிறார உண்பதே ஒரு தடுப்பு மருந்து என்பது அதனால் தெளிவாயிற்று.

நம் அண்டையில்

தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்த அர்மீடா பெர்னாண்டஸ் அம்மையார், 1989-இல் அங்குத் தாய்ப்பால் வங்கி ஒன்றை நிறுவினார். ஆசியாவில் அதுவே முதலாவது. எனினும், மருத்துவமனைச் சுவருக்குள் செய்யும் பணி மட்டும் போதாது என்று உணர்ந்து, 1999-இல் 'ஸ்நேகா' என்னும் அமைப்பைத் தொடங்கித் தாராவித் தாய்மாரிடையே பணியை விரித்தார்.

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் கொரோனா நோய் முதன்முதல் காணப்பட்டபோது, இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் அவ்விடம் என்னாகுமோ என்று நகரமே அஞ்சியது. மாநகராட்சியார் வீடு வீடாகச் சென்று நோயாளரைத் தேடினர். அத்தெருக்களிலேயே மருத்துவம் செய்துவந்த தனியார் மருத்துவர்கள் உடன் நடந்தனர். தெரிந்த முகம் கதவைத் தட்டவே, மக்கள் திறந்தனர். பள்ளிகள் தங்குமிடங்கள் ஆயின. உணவு வீடு தேடி வந்தது. அதே ஆண்டு ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுக்குள் கொணர்ந்த இடங்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டார். 1896-இல் கதவை உடைத்துப் புகுந்ததையும் இதனையும் ஒப்பிட்டு நோக்குக.

நாம் செய்யக்கூடியன

தமிழ்ப் பெருமக்களே, இவ்வரலாறு நமக்கு எதற்கு? ஆண்டுக்கு ஒரு நாள் இலவச மருத்துவ முகாம் நடத்துவது பல சங்கங்களின் வழக்கம். அதனைக் குறைகூறுவது நம் கருத்தன்று. ஆனால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஒருநாள் முகாமில் தீர்வன அல்ல; நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டியவை. முகாமில் கண்டறிந்த நோயாளியை மறுதிங்கள் யார் சென்று பார்ப்பது என்று முடிவு செய்த பின்னரே முகாமுக்கு நாள் குறித்தல் நன்று.

2022 முதல், காசநோயாளர்க்கு உணவுப் பொருள் வழங்கப் பொதுமக்களும் சங்கங்களும் 'நிட்சய மித்ரா' என்னும் பெயரால் அரசிடம் பதிவு செய்துகொள்ள இடம் உண்டு. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு நோயாளியின் ஆறு திங்கள் உணவு பெரிய சுமையாகாது. பொருளோடு, திங்கள்தோறும் ஒருவர் நேரில் சென்று நலம் விசாரிப்பதும் வேண்டும்.

பொது மருத்துவமனையில் சீட்டு எழுதுமிடம் எது, எந்த மாடிக்குச் செல்வது என்று அறியாமல் திகைக்கும் தமிழ் முதியோர் பலர். மராத்தியும் இந்தியும் அறிந்த நம் ஓய்வுபெற்ற அன்பர்கள் வாரம் ஒரு காலை அவர்களுக்கு மொழித்துணையாக நிற்கலாம். பொருட்செலவு அற்ற தொண்டு இது.

நம் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் சமைக்கவும் வரும் அம்மாமார் பலர் அப்பகுதியினரே. புறநோயாளர் பகுதி காலையில் இயங்குவது. அவர்கள் வேலையும் காலையில்தான். ஒருநாள் கூலி போய்விடும் என்று நோயைத் தள்ளிப்போட்டு முற்றவிடுவோர் பலர். மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று நம் குடியிருப்பார் ஒருமுகமாக முடிவு செய்வாராயின், அஃது ஒரு மருந்தகம் திறப்பதற்கு ஒப்பாகும். இருமல் கண்டவரை வேலையை விட்டு நீக்குவதால் இருமல் நீங்காது. அவர் அதனை மறைக்கக் கற்றுக்கொள்வதே மிஞ்சும். 1896-இல் நேர்ந்தது அதுவே.

எப்பணியாயினும், அம்மக்களுக்கு வேண்டுவது யாது என்பதை அவர்களிடமே முதலில் கேட்டல் வேண்டும். ஜாம்கேட்டில் செவிலியரை அனுப்பித் தோற்றபின் ஊராரைக் கேட்டே வழி கண்டனர் என்பதை நினைவிற் கொள்வோம்.

பிளேக் நோயால் இறந்த பல்லாயிரம் ஏழைகளின் துயரத்திலிருந்து பிறந்த காற்றோட்டமான தெருக்களில் நாம் மூன்று தலைமுறையாக வாழ்கிறோம். அதன் நற்பயன் பாதையின் மறுபுறத்தை இன்னும் முழுமையாக அடையவில்லை. அடுத்த ஆண்டு மலரில் நம் சங்கத்தின் கலை நிகழ்ச்சிகளோடு, எத்தனை நோயாளர் வீட்டுக்கு நாம் திங்கள்தோறும் சென்றோம் என்னும் ஒரு வரியும் இடம்பெறுமாயின், இச்சங்கம் நீடு வாழ்ந்ததன் பயன் அதுவே ஆகும். வாழ்க தமிழ்! வளர்க நம் தொண்டு!